கிளச் மிதி அமுங்கிப் போனால்...



மழைக்கால இரவொன்று. மேல் டிவிசனில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி. தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டிரைவர் கிளச்சை மிதித்தார். மிதி பஞ்சு மாதிரி அமுங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. கியர் போடப் போனால் "கர்ர்" என்று சத்தம். "பிளேட் போயிருச்சு, இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்று கூடியிருந்தவர்களில் ஒருவர் சொல்லிவிட்டார்.

டிரைவர் பதறவில்லை. லைட்டைப் பிடிக்கச் சொல்லிக் கிளச் ஒயில் போத்தலைப் பார்த்தார். அடி காய்ந்து கிடந்தது. ஒயிலை ஊற்றி, மிதியைப் பத்துப் பதினைந்து முறை மிதித்து மிதித்து விட்டார். கியர் விழுந்தது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள்.

மறுநாள் கழற்றிப் பார்த்தபோது பிளேட்டில் ஒரு குறையும் இல்லை. தேய்ந்திருந்தது சின்னதொரு இறப்பர் வொஷர். ஒரு கிழமையாகவே ஒயில் குறைந்து வந்திருக்கிறது. தினமும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள், ஏன் குறைகிறது என்று யாருமே பார்க்கவில்லை. அன்றைக்கு ஊற்றிய ஒயிலும் வேலை செய்யாமல் போயிருந்தால்? அதனால்தான் இந்த விஷயத்தை டிரைவர்மார், கிளீனர்மார், கராஜில் வேலை பழகும் பிள்ளைகள் எல்லோருக்கும் விளங்கும்படி எழுத நினைத்தோம்.

வேலை செய்யும் விதம்

பழைய முறையில் மிதிக்கும் கிளச்சுக்கும் நடுவே கம்பியோ வயரோ இருக்கும். ஒயில் கிளச்சில் அந்த வேலையை ஒயில் செய்கிறது. மிதியை அமுக்கினால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும். ஒயில் குழாய் வழியாகக் கீழ் சிலிண்டருக்கு வரும். கீழ் சிலிண்டரின் தண்டு வெளியே வந்து, கியர் பெட்டிப் பக்கம் உள்ள கவையைத் தள்ளும். அப்போது பிளேட்டின் பிடி விடும், கியர் மாறும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ஒயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாய்க்குள் கொஞ்சம் காற்றுப் புகுந்தால் உங்கள் கால் பலமெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். கீழ் சிலிண்டர் அசையாது. மிதி பஞ்சாவது இதனால்தான்.

பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் லொறியைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கல் வைக்காமல் லொறிக்கு அடியில் போகவே வேண்டாம்.

1. ஒயில் போத்தலைப் பாருங்கள். பிரேக்கில் லைனிங் தேயத் தேய போத்தலில் ஒயில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. கிளச் அப்படியல்ல. பிளேட் தேய்வதால் கிளச் ஒயில் குறையாது. சில வண்டிகளில் மட்டம் சற்று ஏறக்கூடச் செய்யும். ஆகவே கிளச்சுக்கென்று தனியாக உள்ள போத்தலில் ஒயில் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். மிதிக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் தண்டு உள்ளே போகும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு குழாய் முழுவதையும், மூட்டுகளையும் பாருங்கள். கடைசியாகக் கீழ் சிலிண்டரின் இறப்பர் உறையை மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டரின் வொஷர் போய்விட்டது.

3. வெளியே ஒழுக்கே இல்லை, ஆனால் மிதியை அமுக்கிப் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறதா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் வொஷர் ஒயிலைப் பின்பக்கம் விடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாததால் பலர் ஏமாந்துபோவது இங்கேதான்.

4. ஒருவர் மிதிக்க, மற்றவர் இறப்பர் குழாயைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது குழாய் உப்பினால் அதை மாற்ற வேண்டும்.

5. மிக முக்கியமான சோதனை இது. ஒருவர் மிதிக்கட்டும், மற்றவர் கீழ் சிலிண்டரின் தண்டைப் பார்க்கட்டும். தண்டு சரியாக வெளியே வரவில்லை என்றால் பிழை ஒயில் பக்கத்தில். தண்டு நன்றாக வந்து தள்ளியும் கியர் விழவில்லை என்றால்தான் பிழை உள்ளே: கவை, பெயாரிங், பிளேட். கியர் பெட்டியை இறக்குவதை அப்போது யோசிக்கலாம்.

இந்த ஐந்தாவது சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் "பிளேட்தான்" என்று பெட்டியை இறக்கினால் லொறி நாட்கணக்கில் படுத்துக்கொள்ளும். சாக்கில் கட்டிய கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். பழி டிரைவர் தலையில் விழும்.

இதற்கு எதிரான நோயும் உண்டு. எஞ்சின் இரைகிறது, லொறி ஏறமாட்டேன் என்கிறது, கருகல் மணம் வருகிறது. இது பிளேட் வழுக்குவது. பிளேட் தேய்ந்திருக்கலாம், அதில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஆனால் முதலில் மிதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். மேலே கொஞ்சம் "பிளே" இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சூடான ஒயில் போத்தலுக்குத் திரும்ப வழியில்லாமல் கிளச்சைத் தள்ளிக்கொண்டே நிற்கும், நல்ல பிளேட்டும் கருகும். "பிளே" எவ்வளவு என்பது அந்தந்த வண்டியின் கைநூலில் இருக்கிறது.

காற்றை எடுப்பது

ஒழுக்கைத் திருத்திய பிறகே காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இருவர் வேண்டும். போத்தலை நிரப்புங்கள். கீழ் சிலிண்டரில் உள்ள காற்று நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயொன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். ஒருவர் சில தடவை மிதித்து, அமுக்கிப் பிடிக்கட்டும். மற்றவர் நிப்பிளைச் சற்றுத் திறக்கட்டும். குமிழியோடு ஒயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முதலில் காலை எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். மிதி தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கி விடுங்கள். குமிழி நிற்கும்வரை திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். இடையிடையே மேலே ஒயில் ஊற்றுங்கள். போத்தல் காய்ந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் வயர் கிளச்தான். ஆனால் மண்பாதையில் ஓட்டவென்றே செய்த கே.டி.எம். போன்ற சில சைக்கிள்களில் ஒயில் கிளச் உண்டு. நோயும் சோதனையும் அதே மாதிரித்தான், மிதிக்குப் பதில் கைப்பிடி. அதில் ஒயில் மிகக் கொஞ்சம், ஆகவே சிறு குமிழியும் பெரிய தொல்லை. காற்று மேல்நோக்கிப் போகும் குணமுள்ளது. எனவே ஊசி போடும் சிரிஞ்சினால் கீழ் நிப்பிள் வழியாக ஒயிலை மெல்ல மேலே தள்ளினால் காற்று சுலபமாக வெளியேறும். மேலே போத்தல் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஒயில்?

மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். லொறிகளில் பொதுவாக டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயில். மோட்டார் சைக்கிள்களில் மகுரா வகைக் கிளச் பலவற்றுக்கு மினரல் ஒயில், பிரெம்போ வகை பலவற்றுக்குப் பிரேக் ஒயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் இறப்பர் வொஷர் ஊதிக் கெட்டுப்போகும். "அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வொஷரை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவவும் வேண்டாம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழை ஓயாத மலைநாட்டில் இதை மறக்கக் கூடாது. திறந்து கிடந்த பழைய போத்தல் ஒயில் உதவாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது முழுவதையும் மாற்றுவது நல்லது. வண்டிப் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். அது விஷம். சோடாப் போத்தலில் ஊற்றி லயத்தில் வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

கிளச் பிழை என்று தெரிந்தும் ஆட்களை ஏற்றி இறக்கத்தில் ஓட்டாதீர்கள். கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டு இறங்கவே வேண்டாம். எஞ்சின் பிடி இல்லாமல் போனால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல்தான். அந்த இரவில் வேறு வழி இருக்கவில்லை. அந்த வழி வந்திருக்கவே தேவையில்லை என்பதுதான் நாம் சொல்ல வருவது.

காலையில் லொறியை எடுக்குமுன் போத்தலை ஒரு தடவை பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு, எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். எழுத்தில் குறித்து, பொறுப்பானவரிடம் கொடுங்கள். "அப்பவே சொன்னேன்" என்று பிறகு வாயால் சொல்வதைவிட, அந்தக் குறிப்பே உங்களுக்குக் காவல். லொறியின் பின்னால் நிற்கும் நம் சனத்துக்கும் அதுதான் காவல்.