அம்மாவுக்காக ஒரு சோளக்கதிர்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று? பிள்ளைகள் ஒரு மூலையில் கைப்பேசியில் கார்ட்டூன் பார்க்கிறார்கள். நாம் இன்னொரு மூலையில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறோம். ‘அது சின்னப் பிள்ளைகளின் சமாச்சாரம், நமக்கென்ன’ என்று விட்டுவிடுகிறோம். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

தேர்வெல்லாம் முடிந்த ஒரு மழை நாளில், நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினேன். ‘பக்கத்து வீட்டு டோட்டோரோ’ என்பது அதன் பெயருக்குப் பொருள். ஓடும் நேரம் 86 நிமிடம். பிள்ளைகள் படம் பார்க்கட்டும், நாம் அதற்குள் மதிப்பெண் ஏட்டை எழுதி முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கணக்குத் தப்பிப் போயிற்று. ஏடு திறந்தபடியே கிடந்தது!

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? சொல்கிறேன், கேளுங்கள்.

கதை இவ்வளவுதான்

1950-ஆம் ஆண்டுகளின் ஜப்பான். தோக்கியோ நகருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்கு, ஒரு சிறிய லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு குடும்பம் குடிவருகிறது. அப்பா பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர். மூத்தவள் சாட்சுக்கி, பள்ளி மாணவி. இளையவள் மேய், நான்கு வயதுச் சிறுமி. அம்மா மட்டும் அவர்களோடு இல்லை. நெடுநாள் நோயாளியாகத் தொலைவில் உள்ள மருத்துவமனையில் படுத்திருக்கிறார். அவருக்குப் பக்கமாக இருக்கவேண்டும் என்றுதான் இந்தக் குடிமாற்றம்.

வீடு பழைய வீடு. தூண் உளுத்துப்போய் ஆடுகிறது. மூலை முடுக்கெல்லாம் உருண்டை உருண்டையாகக் கரித்தூசிக் குட்டிகள் ஓடி ஒளிகின்றன. வீட்டுக்குப் பின்னால் வானத்தை முட்டும் ஒரு கற்பூர மரம். ஒருநாள் மேய் தோட்டத்தில் விளையாடும்போது, இரண்டு காதுகள் புல்லுக்குமேல் தெரிய ஒரு குட்டி உருவம் நடந்துபோகிறது. அதைத் துரத்திக்கொண்டு புதருக்குள் புகுந்தவள், மரத்தின் அடியில் உறங்கும் ஒரு பெரிய உருவத்தின் வயிற்றின்மேல் போய் விழுகிறாள். அதுதான் டோட்டோரோ. ஆந்தையா, பூனையா, கரடியா என்று சொல்லமுடியாத ஒரு காட்டுப் பிராணி. கொட்டாவி விடும், உறுமும், சிரிக்கும். நம்மைப்போல் பேசத் தெரியாது.

படத்தில் கெட்டவன் என்று ஒருவன்கூட இல்லை. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, பழிவாங்கல் இல்லை. ஆனாலும் முப்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள்! பேருந்து நிறுத்தக் காட்சி ஒன்று போதும். இருட்டிய பிறகு, கொட்டும் மழையில் அப்பாவுக்குக் குடை எடுத்துக்கொண்டு அக்காளும் தங்கையும் காத்திருக்கிறார்கள். தங்கை தூங்கி விழ, அக்காள் அவளை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறாள். பக்கத்தில் டோட்டோரோ வந்து நிற்கிறது, தலையில் ஒரே ஓர் இலையோடு. சாட்சுக்கி அதற்கு ஒரு குடையைக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து குடைமேல் சொட்டுச் சொட்டென்று விழும் ஓசை அதற்குப் பிடித்துப்போகிறது. ஆனந்தத்தில் எம்பி ஒரு குதி குதிக்கிறது. மரத்துத் தண்ணீரெல்லாம் சடசடவென்று கொட்டுகிறது. அவ்வளவுதான் காட்சி. என் வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது.

பிள்ளை சொன்னதை நம்பிய தந்தை

பெரியவர்களாகிய நாம் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மேய் ஓடிவந்து, “டோட்டோரோவைப் பார்த்தேன்” என்கிறாள். திரும்பிப் போய்க் காட்டப் பார்த்தால் வழி தெரியவில்லை. அக்காள் சிரிக்கிறாள். மேய்க்கு அழுகையும் ஆத்திரமும் வருகிறது. நாமாயிருந்தால் என்ன சொல்வோம்? “பொய் சொல்லாதே, போய்ப் படி” என்போம். அந்த அப்பா அப்படிச் சொல்லவில்லை. நீ பொய் சொல்வதாக நாங்கள் நினைக்கவில்லை, காட்டைக் காக்கும் ஒருவரைத்தான் நீ பார்த்திருப்பாய், எப்போதும் எல்லார் கண்ணிலும் அவர் படமாட்டார் என்கிறார். இரண்டு பிள்ளைகளையும் அந்த மரத்தடிக்கு அழைத்துப்போய், தலைவணங்கி, எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறார்.

அந்த மரத்தில் வைக்கோல் கயிறு கட்டியிருக்கிறது. பக்கத்தில் சின்னக் கோயிலும் இருக்கிறது. இதைப் பார்த்ததும், “டீச்சர், நம்ம முனியாண்டி மரம் மாதிரி!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மஞ்சள் துணி கட்டிய மரத்தைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை அல்லவா?

எடுத்தவர் கதை

இந்தப் படத்தை எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாக்கி. 1941-இல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாயாருக்கு முதுகெலும்பில் காசநோய் கண்டது. ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருந்தார். அம்மா இல்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள், எப்படித் தூங்குவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் அவர் பட்டு அறிந்தது.

1985-இல் தொடங்கப்பெற்ற ஸ்டூடியோ ஜிப்லி என்னும் நிறுவனம் இப்படத்தைத் தயாரித்தது. 1988 ஏப்ரல் 16-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. ஒரே சீட்டுக்கு இரண்டு படம்! இன்னொன்று, போரில் தாயை இழந்த அண்ணன் தங்கையின் கதையான ‘மின்மினிகளின் கல்லறை’. இசாவோ தக்காஹாத்தா இயக்கியது. நெஞ்சைப் பிழிந்துவிடும் படம் அது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

தொடக்கத்தில் டோட்டோரோவுக்குக் கூட்டம் பெரிதாக வரவில்லை. ஆனால் அவ்வாண்டின் சிறந்த ஜப்பானியப் படமாகக் ‘கினேமா ஜும்போ’ இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. பின்னர்த் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டக் காட்ட, வீட்டுக்கு வீடு அது செல்லப்பிள்ளையாகிவிட்டது. டோட்டோரோ பொம்மைகள் விற்ற பணம் நிறுவனத்துக்கே கைகொடுத்தது. நிறுவனத்தின் சின்னமும் டோட்டோரோவே ஆயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல் சீனாவின் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். 2022-இல் இலண்டனில் மேடை நாடகமாக்கினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கதைக்கு மாதிரியாக அமைந்த சயாமா குன்றுப் பகுதியின் காட்டைக் காப்பாற்ற, 1990-இல் டோட்டோரோவின் பெயரால் ஒரு நிதி தொடங்கினார்கள். பொதுமக்கள் கொடுத்த பணத்தில் 1991-இல் முதல் துண்டு நிலத்தை வாங்கினார்கள். இன்று அப்படி வாங்கிய காட்டுத் துண்டுகள் ஐம்பதுக்கும் மேல். ஒரு கார்ட்டூன் பொம்மை மரங்களைக் காப்பாற்றியது என்றால் சாதாரணமா?

மூத்தவளின் சுமை

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

சாட்சுக்கி காலையில் எழுந்து சமைக்கிறாள். அப்பாவுக்கும் தங்கைக்கும் தனக்குமாகச் சாப்பாடு கட்டுகிறாள். தங்கை அழுதால் தேற்றுகிறாள். பார்க்கிறவர்கள் ‘என்ன பொறுப்பான பெண்!’ என்பார்கள். நம் வீடுகளில் இப்படிப் பெண்பிள்ளைகள் இல்லையா? அம்மா விடியுமுன் பிரட்டுக்குப் போய்விட்டால், தம்பிக்குத் தலைசீவிச் சட்டை மாட்டி, கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துவருவது மூத்தவள்தானே?

அம்மா சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருக்கிறது. இந்த நேரம் பார்த்து மருத்துவமனையிலிருந்து தந்தி வருகிறது. அம்மாவுக்குச் சளிக் காய்ச்சல், வருகை தள்ளிப்போகிறது. மேய் அடம்பிடிக்க, அதுவரை பொறுத்திருந்த சாட்சுக்கி அவளைக் கோபித்துக் கத்திவிடுகிறாள். பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால், அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வேன் என்று வாய்விட்டு அழுகிறாள்.

அக்காள் அழுவதை மேய் பார்க்கிறாள். அவள் கையில் ஒரு சோளக்கதிர். தன் தோட்டத்துக் காய்கறியைச் சாப்பிட்டால் அம்மாவுக்குக் குணமாகிவிடும் என்று அந்தப் பாட்டி முன்பு ஆறுதலாகச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் சொன்னதைக் குழந்தை அப்படியே நம்பிவிடுகிறது. சோளக்கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெரியவர்கள் நடந்தாலே மூன்று மணி நேரம் பிடிக்கும் மருத்துவமனைக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டுவிடுகிறது!

பிறகு ஊரே தேடுவதும், குளத்தில் ஒரு குழந்தையின் செருப்பு கிடைப்பதும், டோட்டோரோவும் பன்னிரண்டு கால் பூனைப் பேருந்தும் வருவதும், நீங்கள் படத்தில் பார்க்கவேண்டியவை. முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன், பயப்படவேண்டாம். மருத்துவமனைச் சன்னலில் அந்தச் சோளக்கதிர் இருக்கிறது. அதன் தோலில் ‘அம்மாவுக்கு’ என்று கீறியிருக்கிறது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது காட்டும் படங்களில் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

அந்த அம்மா ஓரிடத்தில் தன் கணவரிடம், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்பதால்தான் சாட்சுக்கியை நினைத்தால் இன்னும் பாவமாக இருக்கிறது என்கிறார். இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

என் வகுப்பிலும் ஒரு சாட்சுக்கி இருந்தாள். அவளுடைய அம்மா பட்டணத்து மருத்துவமனையில் படுத்திருந்தது எனக்குத் தெரியும். அவள் வீட்டுப்பாடம் தவறியதில்லை. தம்பியை ஒருநாளும் விட்டுவிட்டு வந்ததில்லை. “இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று வகுப்பின் முன்னால் நான் பலமுறை புகழ்ந்திருக்கிறேன். சாட்சுக்கி அழுத காட்சியில் இவள் மேசைமேல் தலைசாய்த்துக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பப் போனேன். மேசை நனைந்திருந்தது.

மற்ற பிள்ளைகள் போன பிறகு, “அம்மாவைப் போய்ப் பார்த்தாயா?” என்று கேட்டேன்.

“போன மாசம் டீச்சர். நான் அழுதா தம்பியும் அழுவான். அதான் அழுவறதில்ல.”

அவளை நான் புகழ்ந்தேனே தவிர, அதுவரை ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே அவள் வாயை அடைத்துவிட்டேன். அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு என்ன நோய், எப்போது திரும்பலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ‘சின்னப் பிள்ளைக்கு எதற்கு?’ என்று இருந்துவிட்டார்கள். பாட்டியும் அப்பாவும் உட்கார்ந்து, தெரிந்த அளவு எடுத்துச் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் அவள் அம்மாவைப் பார்க்கப் போனாள்.

ஒரு வேண்டுகோள்

இந்தப் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். சேர்ந்து உட்காருங்கள். ஜப்பானிய மொழி புரியவில்லையே என்று தயங்கவேண்டாம். முகத்தைப் பார்த்தாலே கதை விளங்கும். சின்னவர்கள் பூனைப் பேருந்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாட்சுக்கி அழும்போது உங்கள் மூத்த பிள்ளையின் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

படம் முடிந்ததும், “இதில் என்ன நீதி?” என்று பரீட்சை வைக்காதீர்கள். “உனக்கு எதற்குப் பயம்?” என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், வயதுக்குத் தகுந்தபடி உள்ளதைச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஏதேதோ நினைத்துப் பயந்துகொள்வார்கள்.

அன்று மாலை அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து கிளம்பும்போது, வாசல்வரை வந்து ஒன்று கேட்டாள்.

“டீச்சர், ஆஸ்பத்திரிக்குச் சோளம் கொண்டு போகலாமா?”

“தாராளமாகக் கொண்டு போ” என்றேன்.