கருவுறும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

"கரு உண்டாகியிருப்பது உறுதியாகிவிட்டது, இனிச் சத்து மாத்திரை தொடங்கலாமா, டாக்டர்?" என்று முதல் பரிசோதனைக்கு வரும் பெண்கள் பலர் கேட்பதுண்டு. தொடங்கத்தான் வேண்டும். ஆயினும், ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினை மட்டும் கருவுறுவதற்கு முன்பே தொடங்கியிருத்தல் நலம்.

கருவின் தொடக்க நாள்களில் தட்டையான ஒரு திசுப்படலம் சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. இந்த நரம்புக்குழாயே பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. கருத்தரித்த 28 நாள்களுக்குள் அது முழுமையாக மூடிவிட வேண்டும். அப்போது மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரங்களே ஆகியிருக்கும். தாம் கருவுற்றிருப்பதையே பலர் அறிந்திருக்கமாட்டார்கள். குழாயின் கீழ்ப்பகுதி மூடாவிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டில் பிளவு ஏற்படுகிறது. கால்கள் வலுவிழக்கலாம், சிறுநீரையும் மலத்தையும் அடக்க இயலாமற் போகலாம். மேற்பகுதி மூடாவிட்டால் மூளை முழுமையாக வளராது, அக்குழந்தை பிழைப்பதில்லை.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, இக்குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்களைப் பற்றியது. அவர்கள் கருவுறும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, குறை மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு குறைந்தது.

குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள், கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, கருவுற்ற 12 வாரம் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டும். கீரையும் பயறும் நல்லவையே. எனினும் சமைக்கையில் இச்சத்தில் ஒரு பகுதி அழிந்துவிடுவதால், உணவை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், வலிப்புக்கு மருந்து உண்பவர்களும் கூடுதல் அளவு தேவையா என மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடுதல் ஆபத்தாகும். அதுபோல, கூடுதல் பலன் கருதிப் பல சத்து மாத்திரைகளைச் சேர்த்து உண்ணலாகாது. வைட்டமின் 'ஏ' அளவு மீறினால் அதுவே கருவுக்குக் கேடு விளைவிக்கும்.

முன்கூட்டியே தொடங்காதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகள் இக்குறையின்றியே பிறக்கின்றன. இன்றே மாத்திரையைத் தொடங்கி, மருத்துவர் குறிப்பிடும் நாளில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மாத்திரையைத் தவறாது உட்கொண்டும் சிலருக்கு இக்குறை நேர்வதுண்டு. ஆகவே, குடும்பத்தார் எந்தத் தாயையும் குறைகூறலாகாது. அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணத் தொடங்கும் நாளிலேயே கணவனும் மனைவியுமாக எங்களிடம் வாருங்கள்.