தொலைக்காட்சியும் மழலைப் பருவமும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கும் தமிழும் அருகருகே ஒலிக்கின்றன. தாய், பாட்டி, அண்டை வீட்டார் ஆகியோர் பேசக் கேட்டே குழந்தைகள் இரு மொழிகளையும் பழகி வந்துள்ளன. இப்பொறுப்பைத் தொலைக்காட்சிப் பெட்டி ஏற்குமா?

ஏற்காது என்பதே ஆய்வு தரும் விடை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் குழுவினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் இல்லங்களின் 9 மாதக் குழந்தைகள் 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்டன. நேரில் பேசி விளையாடியோரிடம் கேட்டவை அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் கண்டவை அவ்வாறு கற்கவில்லை. காரணம் ஊகிக்கத்தக்கதே: மழலைக்குப் பெட்டி மறுமொழி கூறுவதில்லை, குழந்தையின் பார்வை செல்லும் பொருளைச் சுட்டிப் பெயர் சொல்வதுமில்லை. இரண்டு வயதிற்குள் மூளை, முதிர்ந்தோர் மூளையளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுவதால், இழக்கும் காலம் சிறிதன்று.

ஆயினும் தொலைக்காட்சியை முற்றிலும் பழிப்பதற்கில்லை. 1975-76-இல் ஆந்திரம் உட்பட ஆறு மாநிலக் கிராமங்களில் நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், காலை நிகழ்ச்சிகள் 5 முதல் 12 வயதுவரை உள்ள சிறார்களுக்கே அமைந்தன. அவ்வயது வரம்பு பொருத்தமானதே. இரண்டு வயது நிரம்பாதோருக்குத் திரை வேண்டாம், நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

குழந்தையின் எடையைக் குறிக்கும் அங்கன்வாடிப் பணியாளர், சோறூட்டும் வேளையில் பெட்டி ஓடுகிறதா, குழந்தையோடு பேசுபவர் யார் என்றும் தாயிடம் கேட்டறியலாம்.