கைநாட்டு யாருடையது?



எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் தெருவில் யாருக்கு மனு எழுதணும்னாலும் என்னைத்தான் தேடி வருவாங்க. பக்கத்து வீட்டு அத்தைக்கு உதவித்தொகை மனு எழுதணும். "கணவர் துணை இல்லை" என்று மட்டும் சொல்லி, செல்போனில் சாட்ஜிபிடியை எழுத வைத்தேன். அழகாக எழுதியது. அத்தையும் நம்பிக் கைநாட்டு வைத்துவிட்டார். பிறகுதான் படித்தேன்: "என் கணவர் இறந்துவிட்டார்." வீட்டை விட்டுப் போன மாமாவுக்காக இன்றும் தாலியோடு காத்திருப்பவர் அத்தை! மனுவைக் கிழித்துவிட்டு என் கையால் எழுதினேன்.

இதே சிக்கல்தான் பி.ஆர்.ஓ. எனப்படும் மக்கள் தொடர்பு அதிகாரிகளுக்கும். நிறுவனத்தின் செய்தியை மக்களிடமும், மக்களின் குறையை நிறுவனத்திடமும் சேர்ப்பது அவர்கள் தொழில். செய்திக் குறிப்பு, மேடைப் பேச்சு, புகாருக்குப் பதில் எல்லாம் அவர்கள் மேசையில்தான் பிறக்கும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், இவற்றை நொடியில் எழுதித் தருகிறது செயற்கை நுண்ணறிவு.

எப்படி எழுதுகிறது? கோடிக்கணக்கான வாக்கியங்களில் பழகி, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோர்க்கிறது. அது கோர்ப்பது பொருத்தமாகத் தெரியும். உண்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

2023 பிப்ரவரி 13-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 3 மாணவர்கள் இறந்தார்கள். வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. அதன் அடியில் சாட்ஜிபிடியின் பெயர்! மாணவர்கள் கொதித்தார்கள், மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஏர் கனடாவின் கணினி உதவியாளர் ஒரு பயணிக்குத் தவறான சலுகை விவரம் சொன்னது. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது நிறுவனம். 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று அதை ஏற்காமல் பணம் கொடுக்க உத்தரவிட்டது.

அதனால் இத்துறையினர் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் வரைவும், குவியும் செய்திகளைச் சுருக்குவதும் இயந்திரத்துக்கு. பெயர், தேதி, தொகையைச் சரிபார்ப்பது மனிதருக்கு. ரகசியத் தகவலை அதனிடம் கொடுப்பதில்லை. இரங்கலும் மன்னிப்பும் சொந்த வார்த்தையில்தான். அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 2023 நவம்பரில் இதற்கென நெறிமுறைக் கையேடே வெளியிட்டது.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இயந்திரம் எழுதட்டும், தப்பில்லை. ஆனா படிச்சுப் பார்க்காம அனுப்பாதீங்க. நம்மை நம்பிக் கைநாட்டு வைக்கிறவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நமக்குத் தெரியுமே!