கம்பியில்லா மவுஸ் தகராறு செய்கிறதா? தூக்கி எறியாதீர்கள்!

இரவு மணி பத்தரை. என் மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவு 12 மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகு அழுதாலும் நடக்காது, கெஞ்சினாலும் நடக்காது.

"கடைசி நாள் வரை ஏன் காத்திருந்தீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சான்றிதழ் எங்கள் கைக்கு வந்து சேர்ந்ததே அன்று மாலைதான்!

"அப்பா, இந்த மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது" என்றாள் மகள்.

எட்டிப் பார்த்தேன். திரையில் அம்புக்குறி இரண்டு விநாடி அசையாமல் நின்றது. பிறகு திடீரென்று தாவி ஒரு மூலைக்குப் போயிற்று. ஓர் இடத்தில் அழுத்தினால் வேறோர் இடத்தில் போய் விழுந்தது.

விண்ணப்பத்தை மறுபடி படித்துப் பார்த்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த ஆண்டு 2001 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2000 என்று இருந்தது! கவனிக்காமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அனுப்பிய பிறகு திருத்த முடியாது. ஓர் எண் தவறினால், ஓராண்டுப் படிப்பும் உழைப்பும் வீண்!

பாட்டரி மீது பழி

சுவர்க் கடிகாரத்திலிருந்து பாட்டரியைக் கழற்றி மவுஸில் போட்டேன். கடிகாரம் நின்றதுதான் மிச்சம். மவுஸ் திருந்தவில்லை.

கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டோம். பயன் இல்லை. மவுஸுக்கு அடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்த்தோம். அதற்கும் அது மசியவில்லை.

"நாளைக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்றாள் என் மனைவி. நாளை வாங்கி என்ன செய்வது? இன்று இரவோடு காரியம் முடிந்துவிடுமே!

எங்கள் சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுப் பெரியவர் மாடி ஏறி வந்தார். நாற்பது ஆண்டுகள் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தவர் அல்ல. விஷயத்தைச் சொன்னோம்.

"தம்பி, இதற்குக் கம்பி இல்லை. அப்படியானால் இதுவும் ஒரு ரேடியோதானே?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா."

"அப்படியானால் இதன் ஏரியல் எங்கே இருக்கிறது? ஏரியல் பக்கத்தில் புதிதாக என்ன வைத்தீர்கள்?"

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இரும்புப் பெட்டியின் பின்புறத்தில் விரல் நுனி அளவுக்கு மவுஸின் ரிசீவர் செருகியிருந்தது. அதற்கு நெருங்கிய துளையில் ஒரு ஹார்டு டிஸ்க்! சான்றிதழ்களின் நகல்களை எடுப்பதற்காக அன்று இரவுதான் மகள் அதைச் செருகியிருந்தாள்.

ரிசீவரைக் கழற்றிப் பெட்டியின் முன்புறத் துளையில் செருகினேன். அவ்வளவுதான்! அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறந்த ஆண்டைத் திருத்தினோம். பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

காரணம் என்ன?

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

மவுஸுக்குள் சிறிய ஒலிபரப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. கை அசையும் செய்தியை அது ரேடியோ அலையாக அனுப்புகிறது. ரிசீவர் அதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பெரும்பாலான கம்பியில்லா மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. அதாவது, விநாடிக்குச் சுமார் 240 கோடி முறை அதிரும் அலை!

வீட்டு வைஃபையும் புளூடூத்தும் இதே வட்டாரத்தில்தான் பேசுகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே வட்டாரத்து அலையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. சந்தைக் கூச்சலில் மெல்லப் பேசுகிறவன் பேச்சு காதில் விழுமா? மவுஸின் நிலைமையும் அதுதான்.

ஹார்டு டிஸ்க் எப்படிக் குற்றவாளி ஆயிற்று? வேகமாகச் செய்தி கடத்தும் யூ.எஸ்.பி. 3.0 முறை 2008-ம் ஆண்டில் வெளிவந்தது. இந்தத் துளைகளின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். இதில் விநாடிக்கு 500 கோடி துணுக்குச் செய்திகள் வரை பாயும். அப்படிப் பாயும்போது ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-ம் ஆண்டில் இதைச் சோதித்து அறிக்கையே வெளியிட்டது.

அந்தக் காலத்தில், பக்கத்தில் மோட்டார் ஓடினால் ரேடியோ கரகரக்கும். இதுவும் அதைப் போன்றதுதான். அதனால்தான் கம்ப்யூட்டர் தெரியாத பெரியவருக்கு நோய் உடனே விளங்கிவிட்டது!

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டு மவுஸ் தகராறு செய்தால், பதற்றப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் மவுஸைக் கவிழ்த்து, அடிவயிற்றில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு அது அணைந்திருக்கலாம்.

அடுத்தது பாட்டரி. சக்தி குறைந்தால் மவுஸ் உடனே செத்துவிடாது. அம்புக்குறி நின்று நின்று போகும். ரிசீவருக்கு மிக அருகில் வைத்தால் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே புதிய பாட்டரியைப் போட்டுப் பாருங்கள். கடிகாரத்தில் கிடந்த பழையது சோதனைக்கு உதவாது. நான் செய்த தவறு அது!

பாட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? அதை வெறும் கையால் தொடாதீர்கள். பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு புதிய பாட்டரியைப் போடுங்கள். பல நாள் உபயோகிக்காமல் வைப்பதானால் பாட்டரியைக் கழற்றி வைப்பதே நல்லது.

அதற்கும் கண் உண்டு

மவுஸின் அடியில் ஒரு கண் இருக்கிறது. அது தரையை விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் எடுக்கிறது. ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கை எந்தப் பக்கம் போயிற்று என்று கண்டுபிடிக்கிறது.

கண்ணாடி மேஜையிலும் பளபளப்பான பரப்பிலும் அதற்கு அடையாளம் ஒன்றும் தெரியாது. அம்புக்குறி தடுமாறும். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். சரியானால், குற்றம் மேஜையுடையது. கண்ணில் தலைமுடியோ தூசியோ ஒட்டியிருந்தாலும் இதே தொல்லைதான். உலர்ந்த பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லையானால், ரிசீவரின் இடத்தை மாற்றுங்கள். இரும்புப் பெட்டியின் பின்புறம் அதற்கு ஏற்ற இடம் அல்ல. முன்புறத் துளையில் செருகுங்கள். யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, ரிசீவரை மேஜை மேலேயே கொண்டுவந்து வைத்தால் இன்னும் நல்லது. ஹார்டு டிஸ்க்கும் பென் டிரைவும் அதை ஒட்டி இருக்கக் கூடாது.

சிக்கனம் செய்யும் கம்ப்யூட்டர்

சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு மட்டும் மவுஸ் மயங்குகிறதா? கம்ப்யூட்டர் மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதற்காக அந்தத் துளையைத் தூங்க வைத்திருக்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூ.எஸ்.பி. ரூட் ஹப் என்பதற்குள் செல்லுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கம் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதுபோல் ஆகிறதா? அது அலைக் கோளாறு அல்ல. பொத்தானுக்கு அடியில் உள்ள சின்னஞ்சிறு சுவிட்ச் தேய்ந்துவிட்டது. சுவிட்சை மாற்றத் தெரிந்தவர் கிடைத்தால் மாற்றலாம். இல்லையேல் புதிய மவுஸ்தான்.

கடைசியாக ஒரு சோதனை. மவுஸையும் ரிசீவரையும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தகராறு செய்தால் குற்றம் மவுஸில். அங்கே ஒழுங்காக நடந்தால், குற்றம் உங்கள் கம்ப்யூட்டரிலோ அது இருக்கும் இடத்திலோதான். பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

அவசரத்துக்கு வழி

மவுஸ் அடியோடு மறுத்துவிட்டாலும் காரியம் நிற்க வேண்டியதில்லை. டேப் பொத்தானைத் தட்டினால் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மேல்-கீழ் அம்புப் பொத்தான்களால் பட்டியலில் வேண்டியதைப் பிடிக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். சம்மதமா என்று கேட்கும், என்டரைத் தட்டுங்கள். வலப்பக்க எண் பலகையில் 8, 2, 4, 6 ஆகிய எண்கள் அம்புக்குறியை நகர்த்தும். 5 என்ற எண் மவுஸ் பொத்தானின் வேலையைச் செய்யும். இது அன்று இரவு எங்களுக்குத் தெரியாமல் போயிற்று!

மரத்தில் பிறந்த எலி

உலகத்தின் முதல் மவுஸ் மரப்பெட்டியால் ஆனது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் யோசனை அது. அவருடைய சகா பில் இங்கிலீஷ் 1964-ம் ஆண்டில் அதைச் செய்து முடித்தார். அடியில் இரண்டு சக்கரங்கள். வால்போல் ஒரு கம்பி. 1968-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் அதைக் கூட்டத்துக்கு இயக்கிக் காட்டினார் எங்கல்பார்ட். 2013-ம் ஆண்டில் அவர் காலமானார்.

வாலை நறுக்கிவிட்டோம், வசதி பெருகியது. ஆனால், கண்ணுக்குத் தெரிந்த கம்பி போய், கண்ணுக்குத் தெரியாத அலை வந்திருக்கிறது. அதற்கும் வழி விட வேண்டும். அதை மறந்தால் நல்ல மவுஸைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்குவோம். புதியதும் அதே இடத்தில் அதே தகராறுதான் செய்யும்!

எங்கள் மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ரிசீவர் இப்போது மேஜை மேல் இருக்கிறது. கடிகாரத்துக்கும் புதுப் பாட்டரி போட்டாயிற்று.