வேலியோர மஞ்சள் அரளி

அரளி விஷம் என்று நம்மில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் சாமிக்குப் பூ கிடைக்கும், ஆடு மாடு கடிக்காது, தண்ணி ஊத்தாமலே வளரும் என்று வேலியோரம் வைத்துவிடுகிறோம். நமக்குத் தெரியும், சரி. பிள்ளைகளுக்கு?

மஞ்சள் அரளியின் இலை ஒடுங்கி நீளமாக, பளபளவென்று இருக்கும். பூ மஞ்சளாகப் புனல் மாதிரி இருக்கும். கிள்ளினால் பால் வடியும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது காயைத்தான். பச்சையாக, நடுவில் மேடு தட்டியிருக்கும்; பழுத்தால் கறுத்து உதிரும். உள்ளே கெட்டியான கொட்டை. பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவது இதைத்தான். செவ்வரளிக்கு இந்தக் கொட்டை கிடையாது, அதன் காய் குச்சி போல் நீளம். இலை தடித்து, கணுவுக்கு மூன்றாக இருக்கும். கொட்டை இல்லாததால் அது பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். காய்ந்தாலும் வேக வைத்தாலும் போகாது. அடுப்பிலும் வைக்கக் கூடாது, புகையும் கெடுதல்.

கேரளாவில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்திவிட்டன. நாம் மாலை கட்டலாம், தப்பில்லை. கையைக் கழுவிவிட்டுச் சோறு பிசையுங்கள்.

இந்த விஷம் இதயத்துடிப்பைக் குலைக்கும். வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைசுற்றல் வரும். நாடி மெதுவாகவோ தாறுமாறாகவோ ஓடும். சிலர் தெம்பாக இருப்பது போலவே தெரியும், பல மணி நேரம் கழித்து நிலைமை மோசமாகிவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, ஒரு நாளாவது வைத்திருந்து பார்க்கிறார்கள். "புள்ள நல்லாத்தானே இருக்கான்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

சாணித் தண்ணி, உப்புத் தண்ணி, புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது வேண்டவே வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் இன்னொரு ஆபத்து, நேரமும் வீண். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற காயோ இலையோ ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள்.

வீட்டுச் சண்டையில் யாராவது தின்றிருந்தாலும் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவரை மனக்கஷ்டத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

அங்கன்வாடி, பள்ளி ஓரம் மஞ்சள் அரளி நின்றால் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஊராட்சியில் கொடுங்கள். வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிய தழையை அங்கேயே போடாமல் குழியில் புதையுங்கள். பச்சையில் தொடாத ஆடு காய்ந்ததும் தின்றுவிடும்.