"சார், இது பிரேக் இல்ல, பாப்பிங்"

ஆண்டு விழா ஒத்திகை நாளில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வராந்தாவில் கைகளை வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தான். "பிரேக் டான்ஸ் போதும், வகுப்புக்குப் போ" என்றேன். "சார், இது பிரேக் இல்ல, பாப்பிங்" என்றான்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம் என வளரும் வேப்பனப்பள்ளிப் பிள்ளை. தமிழ் வாசிப்பில் இன்னும் தடுமாறுபவன். எதிர்த்துப் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிரவு தேடிப் படித்தபோது அவன் சொன்னதே சரி என்று தெரிந்தது. நாம் ஒரே பெயரில் அழைப்பவை தனித்தனி நடனங்கள்.

பிரேக்கிங் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காகத் தன் குடியிருப்பில் ஒரு விருந்து நடத்தினார். (ஆசிரியர்களாகிய நமக்கு இந்தக் காரணம் புதிதல்ல.) இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் துள்ளி ஆடுவதை அவர் கவனித்திருந்தார். அந்த இடத்துக்குத்தான் 'பிரேக்' என்று பெயர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, சில நொடித் தாளத்தை நிமிடக்கணக்கில் நீட்டினார். அந்தத் தாளத்துக்கு ஆடியவர்களே பி-பாய், பி-கேர்ள் ஆனார்கள். கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைச் சுழற்றுவது, சட்டென அசையாமல் உறைவது எல்லாம் இந்த நடனத்தைச் சேர்ந்தவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாக நடந்ததும் இதுதான்.

மற்ற இரண்டும் நாட்டின் மறுகோடியான கலிபோர்னியாவில், 'ஃபங்க்' இசைக்கு ஆடப்பட்டவை. லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேம்பெல் ஓர் அசைவைச் சரியாகச் செய்ய வராமல் இடையில் நின்று நின்று ஆட, அதுவே 'லாக்கிங்' ஆனது. ஃபிரெஸ்னோ நகரில் பூகலூ சாம் வளர்த்தது 'பாப்பிங்': தாளத்துக்கு ஏற்பத் தசையைச் சட்டென இறுக்கித் தளர்த்துவது.

1983இல் மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சியில் 'மூன்வாக்' ஆடியபின் இந்தத் தெரு அசைவுகள் உலகெங்கும் பரவின. அந்த அசைவையும் அவர் மற்ற நடனக்காரர்களிடம்தான் கற்றார். நம் திரைக்கு அதைத் தமிழாக்கியவர் பிரபுதேவா. ஹெர்க்கின் விருந்து நடந்த அதே 1973இல் மைசூரில் பிறந்தவர். முறைப்படி பரதம் பயின்றவர். 1994இல் வந்த 'காதலன்' படத்தின் 'முக்காலா' பாட்டை இப்போது பார்த்தால், தெருநடனத்தின் வெட்டும் பரதத்தின் துல்லியமும் ஓருடம்பில் சேர்வது தெரிகிறது. மாணவப் பருவத்தில் பத்து முறை பார்த்தும் எனக்கு இது புலப்படவில்லை.

அடுத்த வாரம் தசைகள் பாடம். அந்த மாணவனை முன்னால் அழைத்து முழங்கையை மடக்கிப் பாப்பிங் செய்யச் சொன்னேன். இருதலைத்தசை சுருங்கும்போது முத்தலைத்தசை தளர்வதை வகுப்பே தொட்டுப் பார்த்தது. பிறகு, மூன்று நடனங்களின் வேறுபாட்டை அறிவிப்புப் பலகைக்கு எழுதித் தரக் கேட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். பதினோரு வரி, ஒற்றுப்பிழைகள் ஏராளம். ஆனால் யாரும் சொல்லாமலே அவனாக எழுதிய முதல் பதினோரு வரி அது.

இப்போது நான்கு மணிக்குமேல் வராந்தா அவனுடையது. சிமெண்ட் தரை என்பதால் தலையில் சுழல்வதற்கு மட்டும், மெத்தைவிரிப்பு கிடைக்கும்வரை தடை.